விண்ணப்பத்தை எழுதியவள் நான்தான்

பெருமதிப்பிற்குரிய என் மகளுக்கு, உன் தாய் மிகுந்த அன்புடனும் சற்றே தயக்கத்துடனும் எழுதிக்கொள்வது. பெற்ற பெண்ணுக்குப் ‘பெருமதிப்பிற்குரிய’ என்று எழுதும் தாயை உலகத்தில் வேறெங்கும் கண்டதில்லை என்று நீ முன்பொரு முறை கேலி செய்திருந்தாய். ஆயினும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு வேறு விதமாகத் தொடங்க வரவில்லை, பொறுத்துக்கொள். இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். ‘நலமாக’ என்ற சொல்லை இதற்கு முன் சேர்க்க எண்ணி நிறுத்திக்கொண்டேன், ஏனெனில் இந்தக் கடிதத்தில் உண்மைக்குப் புறம்பான ஒரு சொல்லும் இடம்பெறலாகாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அந்தச் சொல் உங்களிடமாவது பொருந்தி இருக்கட்டும். உன் கடிதம் கைக்கு வந்து வெகு நாட்களாகியும் பதில் எழுதாமல் காலந்தாழ்த்தியமைக்கு முறைப்படி மன்னிப்புக் கோருகிறேன். தொலைபேசியில்தான் வாரந்தோறும் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். தொலைபேசியில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் உன் அப்பா பக்கத்திலிருந்து ஒன்பது வார்த்தை எடுத்துக்கொடுப்பார், அதோடு உன் குரலைக் கேட்டதும் ‘நல்லா இருக்கேம்மா’ என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. தாமதத்திற்குச் சோம்பல் காரணமல்ல. பேனாவைப் பிடித்துச் சில வரிகள் போவதற்குள் கட்டைவிரலின் அடிமூட்டு எரியத் தொடங்குகிறது, பின்பு சுட்டுவிரல் மடங்கியபடியே நின்றுவிடுகிறது, மறு கையால் அதைப் பிரித்துவிட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்தத் தாள்களில் எழுத்து ஆங்காங்கே சாய்ந்திருப்பதைக் காண்பாய், அவையெல்லாம் நான் நிறுத்திவிட்டு மறுபடி வந்து தொடர்ந்த இடங்கள். நீ சொல்லு, நான் எழுதறேன் என்று உன் அப்பா முன்வந்தார்; மூட்டுவலியைத் தாங்கிக்கொள்ளலாம், அவருடைய எழுத்துப்பிழைகளைத் தாங்கும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை என்று நன்றி கூறி மறுத்துவிட்டேன்.

விஷயத்திற்கு வருகிறேன். நான் சலவைக்கூடத்து வேலையிலிருந்து நின்றுவிட்டேன் என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பதைத்தான் ‘வயசாயிடுச்சு, போதும்’ என்று மழுப்பி வைத்திருந்தேன். நடந்தது இதுதான். மருத்துவமனைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் அந்தச் சூடான பெரிய உருளைக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும்போது இரண்டு பேர் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, எதிரெதிரே நடந்து வந்து, நடுவில் சேர்ந்து மடிப்போம், நீ சிறுமியாக இருந்தபோது வந்து பார்த்து, நீங்க ரெண்டு பேரும் நடனம் ஆடறீங்களா என்று கேட்டிருக்கிறாய். என் எதிரில் நின்றவளை நான் அன்று முதல் இன்று வரை எதிர்முனைக்காரி என்றுதான் அழைக்கிறேன், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரு நாள் முற்பகலில் நாங்கள் நடந்து வந்து சேர்ந்தோம், நான் என் முனைகளை அவள் கையில் கொடுக்க வேண்டும், என் விரல்கள் திறக்கவில்லை. துணி இறுகிய கைப்பிடியில் இருக்கிறது, மூளை விடு என்கிறது, கை யாருடையதோபோல் சும்மா இருக்கிறது. பின்னால் அடுத்த விரிப்பு வந்து, அதற்கடுத்தது வந்து, தரையில் குவியத் தொடங்கியது. மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்தினார். எதிர்முனைக்காரி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தத் துணியை வெளியே எடுத்தாள், ஒரு வார்த்தையும் பேசவில்லை, வழக்கமாக அவள் வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே முழங்கால்கள் காலையில் மடங்க மறுத்தன, இடது தோளைத் தூக்கினால் உள்ளே மணல் அரைபடுவது போல இருந்தது. மூட்டுகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்க வேண்டியது தேய்ந்து போய்விட்டது, இனி எலும்பும் எலும்பும்தான் உரசிக்கொள்ளும், அதைத் திருப்பி வைக்க முடியாது என்று மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சலவைக்கூடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் இல்லை என்றார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். எனவே உடல் இயலாமைக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது என்று முடிவாயிற்று. உன் அப்பாவும் வாகன நிறுத்தத்தின் நுழைவாயிலில் மழையிலும் வெயிலிலும் நின்று சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு, அந்த உதவித்தொகை வந்தால் தாமும் ஓய்ந்துவிடலாம் என்று காத்திருக்கிறார்.

இனி வருவதுதான் நான் செய்த பிழை. விண்ணப்பத்தில் ‘உங்கள் சிரமத்தைச் சுருக்கமாக எழுதவும்’ என்று கேட்டு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள். எனக்கு அது போதுமா? நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எவ்வளவு சொற்பம் என்பது உனக்குத் தெரியும். செய்தித்தாளின் கடைசிப் பக்கங்களில் வரும் நீதிமன்ற அறிவிப்புகளையும் ஏல விளம்பரங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தே நான் மொழியைக் கற்றுக்கொண்டேன், ‘மேற்கண்ட’, ‘இதன்மூலம்’, ‘பொருட்டு’ போன்ற சொற்கள் எனக்கு நகைகளைப் போல. நம்ம வீட்ல உப்பு கேட்டாக்கூட மனு மாதிரிதான் வரும் என்று உன் அப்பா சொல்வார். இத்தனை வருடங்கள் கற்றதையெல்லாம் கேட்க ஒரு அலுவலகம் முதல்முறையாக முன்வந்திருக்கிறது என்றே நான் கருதினேன். தனித் தாள்கள் இணைத்தேன். அடித்து, திருத்தி, படியெடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று, இடையிடையே கையை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு எழுதினேன். அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் உனக்குத் தருகிறேன்: ‘என் விரல்கள் என் கட்டளைக்குப் பணிய மறுக்கும் தருணங்களில் நான் இவ்வுடலின் உரிமையாளர் அல்லேன், இதன் வாசலில் காத்து நிற்கும் மனுதாரர் மட்டுமே என்பதை உணர்கிறேன்.’ அதை எழுதி முடித்த அன்று உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர், வலிக்குது என்று சொல்வதற்கா இவ்வளவு என்றார், நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முடிவு தபாலில் வந்தது. விண்ணப்பதாரரால் நின்றுகொண்டு செய்யும் வேலையும் சுமை தூக்கும் வேலையும் இயலாது என்பது ஏற்றுக்கொள்ளப்படுவதாகவும், ஆயினும் அவரது விண்ணப்பமே அவருடைய உயர்ந்த மொழித் திறனுக்குச் சான்றாக இருப்பதால் கடிதப் போக்குவரத்து போன்று அமர்ந்து செய்யும் அலுவலக வேலைக்கு அவர் தகுதியுடையவர் என்றும், வயது இதற்குத் தடையாகக் கருதப்படவில்லை என்றும், எனவே உதவித்தொகை மறுக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். சான்றுக்கு என் வாக்கியத்தையே, நான் மேலே எழுதினேனே அதையே, மேற்கோள் குறிகளுக்குள் கொடுத்திருந்தார்கள். என் வாக்கியம் ஒன்று அச்செழுத்தில் வந்தது அதுவே முதல்முறை, மகளே. மறுப்பைப் பார்த்துக் கண்கலங்கிய உன் அப்பாவின் எதிரில் நான் மனத்திற்குள் பூரித்துக்கொண்டிருந்தேன் என்பதை எப்படிச் சொல்ல. ‘உயர்ந்த மொழித் திறன்’ என்று ஒரு அரசாங்க அதிகாரி என்னைப் பற்றி எழுதியிருக்கிறார் அல்லவா, அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆகவே நான் அந்த மறுப்புக் கடிதத்தையே நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போனேன். சிரிக்காதே. வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் தேவை என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாசலில் ஒட்டியிருந்ததைப் பேருந்திலிருந்து பார்த்திருந்தேன். நல்ல உடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினேன். உன் வயதுள்ள ஒரு பெண் என்னை உட்காரவைத்து, கடிதத்தைப் படித்துப் பார்த்து, இது உங்களுக்குப் பணம் தர முடியாதுன்னு சொன்ன கடிதமாச்சேம்மா என்றாள். ஆம், ஆனால் காரணத்தைப் பாருங்கள் என்றேன். நல்ல பெண், துரத்திவிடவில்லை. கணினியின் முன் உட்காரச் சொன்னாள், விசைகளை என் விரல் தேடிக்கொண்டே இருந்தது. பரவாயில்லை, கையாலேயே எழுதுங்கள் என்று ஒரு புகார்க் கடிதத்தைக் கொடுத்தாள். நான் எழுதிய பதில் அருமையாக இருந்தது, தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, அவளே இன்னொரு மேசைக்காரியை அழைத்துக் காட்டினாள். அதற்குள் என் கை மேசையின் மேல் நண்டுபோல் சுருண்டு கிடந்தது. எழுந்திருக்க முயன்றேன், முழங்கால்கள் பூட்டிக்கொண்டுவிட்டன, சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடியது, அந்தப் பெண் ஓடிவந்து என் இரு அக்குள்களிலும் கைகொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினாள். வரிசை வரிசையாக இருந்த மேசைகளிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவள் என் உடையைச் சரிசெய்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “உங்க எழுத்து ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா ஒரு நாளைக்கு இந்த மாதிரி எத்தனை எழுதுவீங்க?”

அதன்பின் உன் அப்பா என்னைத் தொழிற்சங்கத்து அறையில் உட்கார்ந்து பிறருக்கு மனு எழுதித்தரும் மனுக்காரரிடம் கூட்டிப்போனார். இப்படிப்பட்ட வழக்குகளையே வாழ்க்கையாகக் கொண்டவர், வெற்றிலைப் பெட்டி போல ஒரு பெட்டி நிறைய முத்திரைகள் வைத்திருக்கிறார். என் விண்ணப்பத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. விதியை அவர்தான் விளக்கினார். வயது முதிர்ந்தவர், வாழ்நாள் முழுவதும் உடலுழைப்பு செய்தவர், வேறு தொழில் அறியாதவர், படிப்பும் இல்லாதவர் என்றால், இந்த வயதில் போய் வேறு வேலை கற்றுக்கொள் என்று சட்டம் சொல்லாதாம், மூட்டு தேய்ந்ததற்கான படம் ஒன்றே போதுமாம். எதிர்முனைக்காரிக்கு அப்படித்தான் கிடைத்தது. அவளுடைய விண்ணப்பத்தில் அவள் மருமகன் எழுதிக்கொடுத்தது, கை வலி, கால் வலி, முடியல, அவ்வளவே. உங்களுக்கு மூட்டும் தேஞ்சிருக்கு, வயசும் ஆயிடுச்சு, குறுக்க நிக்கிறது உங்க படிப்பு ஒண்ணுதாம்மா, அதைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சிடலாம் என்றார். மேல்முறையீட்டில் விண்ணப்பத்தை எழுதியது நான் அல்ல, நீ என்று சொல்லிவிடுவதாம். வெளியூரில் இருக்கும் படித்த மகள் தாய்க்காகத் தன் சொந்த நடையில் எழுதி அனுப்பினாள், தாய்க்குத் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுத வராது, வாசிக்கத் திக்கித் திணறுவாள் என்று நீ ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம். அது பொய்யல்லவா என்று கேட்டேன். உங்க வலி பொய்யாம்மா என்று அவர் திருப்பிக் கேட்டார். உன் அப்பா உடனே உன் முகவரியைச் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் எதிர்முனைக்காரியைப் பார்க்கப் போனோம், மேல்முறையீட்டு விசாரணையில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டு வரலாம் என்பது உன் அப்பாவின் யோசனை. பட்டப்பகலில் எல்லா ஜன்னல்களிலும் திரை போட்டிருந்தாள். கதவைத் திறக்குமுன் யார், யார் என்று பல தடவை கேட்டாள். உதவித்தொகை வாங்கும் ஒருவரை யாரோ காய்கறிப் பையோடு கண்டு எழுதிப்போட்டு, அவருக்கு நிறுத்திவிட்டார்களாம், அதைக் கேள்விப்பட்டதிலிருந்து இவள் வெளியே போவதில்லை. எனக்கு இன்றைக்குக் கை நல்லா இருக்குக்கா, அதுதான் பயமா இருக்கு என்றாள். வலி குறைந்த நாளில்தான் அவள் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாளாம், தன்னையறியாமல் எதையாவது தூக்கிவிடுவாளோ என்று. சலவைக்கூடத்தில் எல்லோரையும் நகைச்சுவையால் அடித்து வீழ்த்தியவள், திரையின் ஓரத்தை விலக்கித் தெருவைப் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டு என்னிடம் பேசினாள். புறப்படும்போது மட்டும் பழையபடி, உனக்குப் படிப்பு ஏறினதுதாங்க்கா வினை, எனக்குப் பாரு, மண்டையில ஒண்ணும் ஏறாம ஆண்டவன் காப்பாத்திட்டான் என்றாள். சிரித்தோம். எங்களை வழியனுப்ப அவள் வாசலுக்கு வரவில்லை.

மனுக்காரர் எனக்குப் பயிற்சி கொடுத்தார், அதை நீ அறிந்துகொள்ள வேண்டும். அவர்கள் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லலாமாம், அப்போது எழுத்தெழுத்தாகக் கூட்டி, நடுவில் நிறுத்தி, தெரியலீங்க என்று சொல்ல வேண்டுமாம். விசாரணையில அதிகாரி முன்னால ‘அல்லேன்’ கில்லேன்னு எதையாவது சொல்லி வெச்சிடாதீங்க என்று எச்சரித்து அனுப்பினார். வீட்டில் உன் அப்பா அதிகாரியாக உட்கார்ந்தார், மின்கட்டண அறிவிப்பைக் கொடுத்தார். முதலில் இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் திணறும்போது கூட இலக்கணமாகத் திணறுவதாக அவர் குறை சொன்னார். மறுநாளும் செய்தோம், அதற்கடுத்த நாளும் செய்தோம், எனக்கு நன்றாக வரத் தொடங்கியது. தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன், உதட்டை ஓசையில்லாமல் அசைப்பேன், கண்ணைச் சுருக்குவேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். போதும், எழுந்திரு என்றார் ஒரு நாள், அவர் முகம் சரியாக இல்லை. பிற்பகலில் அவர் வேலைக்குப் போனபின் நான் வழக்கம்போல் புத்தகத்தைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வரவில்லை. எழுத்துகள் தெரிகின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, சொல்லாகச் சேரவில்லை. என் உதடுகள் ஓசையில்லாமல் அசைவதை உணர்ந்தேன். மகளே, நான் பேய்க்கதைகளை நம்புகிறவள் அல்ல, உனக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் என்னோடு இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள், படிப்பே இல்லாத அவள், மனுக்காரரும் உன் அப்பாவும் நானும் சேர்ந்து உண்டாக்கிய அவள், என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக நின்று உரக்க வாசித்தேன். இங்கு பழுது பார்க்கப்படும். வாகனங்கள் நிறுத்தக் கூடாது. உள்ளே வர அனுமதி இல்லை. வாசிக்க முடிந்தது. மருந்துக்கடைக்காரர் என்னம்மா, யாரைத் தேடறீங்க என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அன்று தெளிந்துவிட்டது என்றாலும் அவள் போய்விட்டாள் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. காலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது, இது என் வலியா, அவளுக்காக நான் பழகிக்கொண்ட வலியா என்று ஒரு கணம் சந்தேகம் வருகிறது. பூட்டிய கதவுக்குப் பின்னால் கை நன்றாக இருக்கிறது என்று எதிர்முனைக்காரி பயந்தது எதற்கு என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அவளுக்குள்ளும் எந்நாளும் வலியோடிருக்கும் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், எதிர்முனைக்காரியை வெளியே யாரும் பார்த்துவிடாமல் காவல் காக்கிறாள்.

எனவே நான் மனுக்காரரிடம் போய், விண்ணப்பத்தை எழுதியவள் நான்தான், விசாரணையிலும் அப்படியே சொல்வேன் என்று தெரிவித்துவிட்டேன். அவர் பெட்டியை மூடி வைத்தார். எவ்வளவு காலம் எழுதினேன், எப்படி எழுதினேன், கை எங்கே நின்றது என்பதை அவர்களிடம் சொல்வேன், வேண்டுமானால் அவர்கள் எதிரிலேயே என்னை எழுதச் சொல்லட்டும், நான் எழுதுவதைக் கடைசி வரை உட்கார்ந்து பார்க்கட்டும் என்றேன். படியெடுத்த நல்ல தாளைப் பார்த்தவர்கள் அதை எழுதிய கையைப் பார்க்கவில்லை, அதுதானே குறை. தோற்றாலும் தோற்கலாம்மா என்றார் அவர். அது எனக்கும் தெரியும். உன் அப்பாவுக்கு வந்த கோபத்தை நீ கற்பனை செய்து பார்க்கலாம். அவருக்கு என் மேல் கோபம் வந்து நான் பார்த்ததே அபூர்வம். கால்களைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், வீங்கிய பாதத்தை என் பக்கம் நீட்டிக் காட்டிச் சொன்னார்: “உன் கௌரவத்துக்கு நான் இன்னும் எத்தனை மழை நனையணும்? மழை பெய்யும்போது உன் வாக்கியத்தை எனக்குப் போர்த்தி விடுவியா?” அந்தக் கேள்வி நியாயமானது. அவருடைய பாதத்தைத் துடைக்கக் குனிய என்னால் முடியவில்லை, துண்டை அவர் கையில் கொடுத்தேன். ஆனால் அன்று நாற்காலியில் நடந்ததை, வாசிக்க வராமல் போனதை, அவரிடம் அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பாத்திரத்துத் தண்ணீர் ஆறிப்போகும்வரை காலை எடுக்கவில்லை. பிறகு, சரி, நீயே எழுதினேன்னு சொல்லிக்கோ, ஆனா அந்த அதிகாரி உள்ள வரும்போது மரியாதைக்குன்னு எழுந்து மட்டும் நின்னு தொலைக்காதே என்றார்.

இப்போது உன்னிடம் என் வேண்டுகோள். மனுக்காரர் முன்பே எழுதிவைத்த வாக்குமூலம் இதற்குள் உனக்கு வந்திருக்கும், கையெழுத்து இடுவதற்குப் பெருக்கல் குறி போட்டிருக்கும். தயவுசெய்து அதில் கையெழுத்திடாதே. என்மேல் உள்ள பாசத்தினால் நீ எதையும் செய்வாய் என்பது தெரியும், அதனாலேயே அஞ்சுகிறேன். அதற்குப் பதிலாக வேறொன்று தேவைப்படுகிறது. வீட்டில் என் கைகளும் கால்களும் படும் பாட்டை நேரில் கண்ட ஒருவர் எழுதித்தர வேண்டுமாம். உன் அப்பாவின் சொல் ஒரே வீட்டுக்காரர் சொல் என்பதால் எடைகுறைவாம், ஆகவே நீதான். ஆனால் நீ என்ன கண்டாய்? கடைசியாக நீங்கள் இங்கு வந்து தங்கியிருந்தபோது நான் எல்லாவற்றையும் மறைத்தே வைத்திருந்தேன். நீ எழுந்திருக்குமுன் எழுந்து சுவரைப் பிடித்து நடந்து காலைப் பழக்கிக்கொள்வேன். பாத்திரங்களை உன் அப்பா இறக்கி வைத்தபின் நான் தூக்கியதுபோல் பக்கத்தில் நிற்பேன். பேத்தியைத் தலைக்கு மேலே தூக்கியபோது மாப்பிள்ளை புகைப்படம்கூட எடுத்தார், அதன்பின் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தோளைப் பிடித்தபடி நின்றிருந்தேன். இதெல்லாம் நான் இப்போது சொல்லி நீ அறிந்தவை, இவற்றை நீ கண்டதாக எழுதக் கூடாது. ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் ஊருக்குத் திரும்பிய அன்று சமையலறைக்குப் போனேன். சர்க்கரை, உப்பு, காப்பித்தூள், ஊறுகாய் என்று அலமாரியில் இருந்த ஒரு ஜாடி விடாமல் எல்லாவற்றின் மூடியும் தளர்ந்திருந்தது, மேலே சும்மா வைத்ததுபோல, விரல் நுனியால் தொட்டாலே திறந்துகொண்டது. இவ்வளவு வளர்ந்தும் மூடியை மூடத் தெரியவில்லையே என்று உன்னை வைதேன். சர்க்கரையில் எறும்பு ஏறிவிட்டது. உன் அப்பா எல்லாவற்றையும் இறுக்கி மூடினார், மறுநாளே எனக்குத் திறக்க முடியவில்லை, அவர் வேலையிலிருந்து வரும்வரை காப்பியில்லாமல் இருந்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சில நாட்களுக்கு முன்தான், ஜாடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு போராடிக்கொண்டிருந்தபோது, கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ அவசரத்தில் அப்படி வைத்தாயா, அல்லது தெரிந்தே ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டுப் போனாயா? தெரிந்தே செய்தாயானால், அதற்கு முன் நீ என்ன கண்டாய், எந்த நாளில், எங்கே நின்றுகொண்டு கண்டாய் என்பதை உன் சொந்த வார்த்தைகளில் எழுதி அனுப்பு, அலங்காரம் ஒன்றும் வேண்டாம், உன் பிழைகளையும் நான் திருத்த மாட்டேன். அவசரத்தில் வைத்ததுதான் என்றால் அதையும் எனக்கு எழுது, வாக்குமூலம் இல்லாமலே போய் உட்கார்ந்துகொள்கிறேன், உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் வராது. என் மனம் குளிரட்டும் என்பதற்காக மட்டும் ஆமாம் என்று எழுதிவிடாதே. என்னைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எது உண்மை என்று எனக்கே பிரித்தறிய முடியாத காலம் இது, உன் எழுத்தில் வருவதையாவது நான் நம்ப வேண்டும்.

பேத்திக்கு என் முத்தங்கள். அவளைக் கையெழுத்துப் பழகச் சொல், பேனாவை அழுத்திப் பிடிக்க வேண்டாம் என்று சொல். மாப்பிள்ளையின் இருமலை அலட்சியப்படுத்தாதே, உன் கண் பரிசோதனையை இனியும் தள்ளிப்போடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி, பிறர்க்குத் தலைகுனியாமல், நீடூழி வாழ உன் பெற்றோர் இருவரும் மனமார வாழ்த்துகிறோம். உன் அப்பா இதைப் படித்துப் பார்த்துவிட்டு, அவருடைய பாதத்தைப் பற்றி எழுதியதை அடித்துவிடச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
அம்மா
(இக்கடிதம் முழுவதும் என் கைப்பட எழுதப்பட்டது)

பி.கு.: விசாரணை நெருங்கிவிட்டது. சீக்கிரம் பதில் எழுது.